கோட்டைப் பிடித்து ஓடும் கார்

மூடுபனியில் வண்டி ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. மே மாதச் சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஏற்காட்டுச் சாலையின் ஓரக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். எதிரே ஒன்றும் தெரியாத பனியிலும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த வெள்ளையை மட்டும் பார்த்தபடி வளைவுகளில் திரும்பிவிடுவார்கள். சாலையை யாரும் பார்ப்பதில்லை.

நான் கடைவீதியில் ரேடியோ பழுது பார்ப்பவன். தங்கராஜ் பக்கத்து வெள்ளக்கடை ஊர்க்காரன், எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியன். தொண்ணூற்று நான்கில் சேலத்தில் ஓர் அறிவியல் மன்றம் போட்டி வைத்தது. ஆள் தொடாமல், ரிமோட் இல்லாமல், தானாக ஓடும் பொம்மைக் கார் செய்ய வேண்டும். என் கடை மேசையில்தான் செய்தோம். வெளிச்சத்தை உணரும் இரண்டு சிறு கண்கள், பழைய டேப்ரெக்கார்டர் மோட்டார்கள். தரையில் ஒட்டிய வெள்ளை நாடாவைப் பார்த்துப் பார்த்துத் திரும்பும். யோசனை அவனுடையது, மறுக்கவில்லை. ஆனால் பற்றவைத்த ஈயமும் மேசையும் கரண்டும் என்னுடையவை. யோசனை யாருக்கும் வரும்.

ஒருநாள் நாடாவை மேசை விளிம்புவரை ஒட்டிப் பார்த்தேன். கார் தயங்காமல் போய்க் கீழே விழுந்தது. தங்கராஜ் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அதுக்குக் கோடு மட்டுந்தானுங்கண்ணா தெரியும். பள்ளம் தெரியாதுங்க."

நானும் சிரித்தேன்.

போட்டிக்கு முந்தைய வாரம் வந்து, "ஒருத்தரு பேருதான் குடுக்கோணுமாமுங்கண்ணா. என் பேரைக் குடுத்துட்டேன். நீங்க நொம்ப ஒத்தாசை பண்ணுனீங்கன்னு மேடையில சொல்லிப்போடறேன்" என்றான்.

ஒத்தாசை. அந்தச் சொல்லைத்தான் சொன்னான். ஆனால் கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

போட்டியன்று சேலம் பஸ்ஸைப் பிடிக்க அவன் காரை எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஏற்காட்டுக்கு வருவான் என்று தெரியும். விடியும்போதே வெள்ளக்கடைச் சாலைக்குப் போய், ஒரு வளைவில் ஓரக்கற்களைப் பெயர்த்து, நேராகப் பள்ளத்தை நோக்கி அடுக்கினேன். அவனைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. மொபெட் பனிக்குள்ளிருந்து வந்தது. கற்களைப் பிடித்தபடி தயங்காமல் போனது.

கீழே இறங்கி, காபிச் செடியில் சிக்கியிருந்த காரை எடுத்துக்கொண்டேன். ஒரு கீறல்கூட இல்லை. மேலே வந்து கற்களைப் பழைய இடத்திலேயே வைத்தேன். பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து வரக் கூடாதல்லவா.

சேலத்தில் தங்கராஜுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி என் பேரைப் போட்டுக்கொண்டேன். முதல் பரிசு. அவன் நிறைய ஒத்தாசை செய்தான் என்று மேடையில் சொல்லவும் தவறவில்லை.

இப்போது பனி இறங்கினால் கடைக்குள் அந்தக் கார் ஓடும் சத்தம் கேட்கிறது. பேட்டரியைக் கழற்றினேன். மோட்டாரையும் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. என் கட்டிலைச் சுற்றி வருகிறது. பயமாக இருக்கிறது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவன் உடனே செத்துவிட்டானா என்று கேட்கிறீர்கள். இல்லை. செடிகளுக்கு நடுவே கிடந்தான். "கையக் குடுங்கண்ணா" என்றான். கொடுத்திருப்பேன், ஐயா. இரண்டு கைகளிலும் கார் இருந்தது. கீழே வைத்திருந்தால் பனி ஈரத்தில் சர்க்யூட் கெட்டுப்போயிருக்கும்.