தலைக்கவசத்தில் சிக்காத ‘ப்ச்’

தலைமை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும், என் மனைவியின் தம்பியும் என் பேச்சின் நிரந்தர எதிரியுமாகிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் முதுகுவலியோடும் முகச்சுளிப்போடும் வீற்றிருக்கும் முதியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயம் அகலாமல் அமர்ந்திருக்கும் அன்னையர்களே, இந்த மைக்கை என் கழுத்துக்கு எட்டும்படி மட்டும் பொருத்தி, என்னைக் குனிந்தே பேச வைத்திருக்கும் பட்டறைக்காரர் அவர்களே, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னைத் ‘தகரம்’ என்று அழைத்து மகிழும் வருங்காலத் தூண்களே, மூன்றாம் வரிசையில் ஓரமாக, நான் யாரென்றே தெரியாதவர் போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லாள் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் தகரத்தின் தலைதாழ்ந்த வணக்கம்.

பேரரசு கவிழ்ந்த நாளை ஆண்டுதோறும் இந்த முற்றத்தில் கூடி நினைவுகூர்கிறோம். ஆண்டுதோறும் கவிழ்த்தவர்கள் பேசினார்கள், நாம் கைதட்டினோம். இந்த ஆண்டு ஒரு மாறுதலுக்காக, கவிழ்ந்தவர்களில் ஒருவனைப் பேசவிடலாம் என்று தலைவர் முடிவு செய்தாராம். வேறு பேச்சாளர் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மைக் காரணம், எனக்குத் தெரியும்.

ஆம், அவையோரே. ஏழு சூரியன்களையும் அவற்றைச் சுற்றும் எண்ணற்ற உலகங்களையும் இரும்புக் கையால் இறுக்கிய அந்தப் பேரரசின் காலாட்படையில் நான் ஒரு வீரன். யார் நாங்கள்? கண்ணில் கனல் கக்கிய காலன்களா? களம் பல கண்ட காளைகளா? கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்த கத்திரிக்காய்கள் நாங்கள். என்னை ஒரே ஒருமுறை விண்கலத்தில் ஏற்றினார்கள். மேலே கிளம்பிய மாத்திரத்தில் வாந்தி எடுத்தேன். மூடிய தலைக்கவசத்துக்குள் எடுத்தேன். அதன்பிறகு என்னை எந்த உலகத்தைப் பிடிக்கவும் அனுப்பவில்லை, நம் ஊர் ஆற்றுப் பாலத்தின் வாயிலில் நிறுத்திவிட்டார்கள்.

அங்கே யாரோ கேட்கிறார், கதிர்த் துப்பாக்கி வைத்திருந்தீர்களே, ஒரு குறியாவது பட்டதா என்று. பட்டது ஐயா. பாலத்து விளக்குக் கம்பத்தில் பட்டது. நான் சுட்டது அதற்கு எதிர்ப்பக்கம். கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடி, அதன் உட்புறமெல்லாம் என் சொந்த மூச்சின் ஆவி. துடைக்கலாம் என்றால் கை உள்ளே போகாது. பேரரசின் பகைவர்களை நான் பார்த்ததெல்லாம் மழைநாளில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோலத்தான்.

இவை உடலுக்கு வந்த இன்னல்கள். வாய்க்கு வந்த வினையைச் சொல்லவா?

அந்தத் தலைக்கவசத்தின் தாடைப் பகுதியில் ஒரு குரல்பொறி இருந்தது. உள்ளே நாம் எப்படிப் பேசினாலும் வெளியே ஒரே குரல், ஒரே நடை. வீட்டு மொழி உள்ளே போகும், ஏட்டு மொழி வெளியே வரும். பால்காரனும் பாறை உடைப்பவனும் படித்தவனும் படிக்காதவனும் கவசம் மாட்டிய கணத்தில் புலவர்கள் ஆனோம். பாலத்தில் கூட்டம் சேர்ந்தால், “வீட்டுக்குப் போங்கப்பா, வெயில்ல ஏன் நிக்கறீங்க” என்பேன். “கலைந்து செல்வீராக, இன்றேல் காய்ந்து கருகுவீர்” என்று வெளியே கேட்கும். ஒருநாள் பக்கத்தில் நின்ற சகாவிடம், “மூக்கு அரிக்குதுடா” என்று முனகினேன். “நாசியில் நமைச்சல் நேர்ந்துளது” என்று இடிபோல் முழங்கிற்று. பாலத்தில் போன அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். இதே சிரிப்பைச் சிரித்ததற்காகத்தான் இதோ, நம் தலைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவர் தலைவர் இல்லை, கம்பி இழுத்து மின்விளக்கு மாட்டும் வேலைக்காரர். வாய்த் துடுக்கு மட்டும் அன்றும் இதே அளவுதான். டீக்கடை வாசலில் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குரல்பொறியைப் போலவே, “தேநீரில் சர்க்கரை குன்றியுளது, தெளிப்பாயாக” என்று நடித்துக் காட்டியிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. மறுநாள் காலை, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தவரைக் கவசம் அணிந்தவர்கள் வந்து இழுத்துப் போனார்கள். என் மனைவி தையல் எந்திரத்தை விட்டு எழுந்து ஓடிப்போய்த் தம்பியின் சட்டையைப் பற்றினாள். “விலகுவாயாக” என்று ஒரு கவசம் சொன்னது. அது யார்? எல்லாக் கவசமும் ஒரே சாம்பல் நிறம், எல்லாக் குரலும் ஒரே குரல். அவளுக்கு எப்படித் தெரியும்?

நான் அன்று பாலத்தில் இருந்தேன். விடுப்பில் வீடு வந்தபோதுதான் அவள் சொன்னாள். சட்டையிலிருந்து அறுந்த பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு, “என் தம்பியக் கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ப்ச்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவையோரே, இங்கே ஒன்றை நான் விளக்கியாக வேண்டும். மேடை ஏறினால் மடை திறக்கும் இந்த வாய், வீட்டில் பேசாது. எதைக் கேட்டாலும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு ‘ப்ச்’ கொட்டும். திரைக்கு எந்த நிறத் துணி எடுக்கலாம்? ப்ச். ஏங்க, உடம்பு சரியில்லையா? ப்ச். பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறதாமே? ப்ச். “வாயில பல்லி குடியிருக்கா உங்களுக்கு?” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே அந்தப் பல்லியில்தான் தொடங்கும். ஆனால் அன்று அவள் சண்டை போடவில்லை. பொத்தானை டப்பாவில் போட்டு மூடினாள், தட்டில் சோற்றைப் போட்டாள், என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள். நீதானா அது என்று பார்க்கிறாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. நண்பகல் நேரம். தலைநகரம் விழுந்தது, தலைமையகம் சரிந்தது. அலைஅலையாய் மக்கள் எழுந்தார்கள். அந்த வீர வரலாற்றைப் போன ஆண்டு இதே மேடையில் பட்டறைக்காரர் நெடுநேரம் சொல்லிவிட்டார், நான் தொடவில்லை. நான் சொல்லவந்தது என் கழுத்தின் வரலாறு. தலைக்கவசத்தின் கொக்கி, தலைமையகம் அனுப்பும் சமிக்ஞையில்தான் திறக்கும். தலைமையகமே இல்லை. கொக்கி எப்படித் திறக்கும்? பேரரசு போய்விட்டது, பேரரசின் மூடிக்குள் நான் மாட்டிக்கொண்டேன்.

துப்பாக்கியை ஆற்றில் எறிந்தேன். ஆற்றில் விழவில்லை, கரையில்தான் விழுந்தது, என் குறி உங்களுக்குத் தெரியும். கொடியில் காய்ந்த ஒரு போர்வையை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு சந்து சந்தாக ஓடி வந்தேன். நான் நடந்தால் பாத்திரக்கடை சரிந்ததுபோல் சத்தம் வரும். இருந்தும் எப்படியோ இதோ இந்தக் கட்டடத்துக்கு வந்து, இதோ இந்தப் படியேறி, என் வீட்டுக் கதவைத் தட்டினேன். தெரு முனையில் கடப்பாரையும் கம்பியுமாகக் கூட்டம் திரும்பியது.

“யாரது?” என்றாள்.

“நான்தான், கதவத் தொற” என்றேன்.

“யான் வந்துளேன். கதவினைத் திறப்பாயாக” என்றது பொறி.

உள்ளே நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் ஓசை கேட்டது.

“அய்யோ, நான்தாம்மா, உன் புருஷன்” என்றேன். “அந்தோ, யானே நின் கொழுநன்” என்றது. “தாகமா இருக்கு, குடிக்க எதாவது குடு” என்றேன். “பருகுபொருள் யாவற்றையும் உடனே ஒப்படைக்க வேண்டும்” என்றது. நான் வாயைத் திறக்கத் திறக்க என் கதவு இறுகிக்கொண்டே போனது. நீங்கள் சிரிக்கிறீர்கள். தெரு முனையில் திரும்பிய கூட்டம் அன்று கட்டட வாசலுக்கே வந்துவிட்டது.

அப்போது அவள் கதவுக்கு மிக அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். “நீ யாரா வேணா இரு. என் புருஷனாவே இரு. என் தம்பியக் கூட்டிட்டுப் போனது நீயா? அத மட்டும் சொல்லு.”

என்னை அவள் ‘நீ’ என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. “சத்தியமா நான் இல்லம்மா” என்று அழுதேன். “வாய்மையாக யான் அல்லேன்” என்று வெளியே கம்பீரமாக முழங்கிற்று. அந்தக் குரலில் அழுகை வராது, அவையோரே. பொறியைச் செய்தவன் அழுகையை அதற்குக் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனவனும் இதே குரலில் இதையேதானே சொல்வான்? கீழே முதல் படியில் கம்பி உரசும் சத்தம். இனி என்ன சொல்லி என்ன பயன்? படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவில் தலை சாய்த்து, என்னை அறியாமல்,

“ப்ச்” என்றேன்.

‘ப்ச்’ என்றே வெளியே வந்தது.

எத்தனையோ சொல்லை மாற்றிய பொறி அதை மாற்றவில்லை. அது சொல்லே இல்லையே, எந்த அகராதியில் தேடி எதை எடுத்துப் போடும்? நாற்காலி நகர்ந்தது, தாழ் விலகியது, ஒரு கை வந்து என் கழுத்துக் கொக்கியைப் பிடித்து உள்ளே இழுத்தது. “பல்லி வந்தாச்சு” என்றாள். சொல்லிவிட்டு, கவசத்தின் மேலேயே தலையை வைத்து அழுதாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை, கண்ணாடி முழுக்க ஆவி.

கீழே இருந்து முதலில் ஏறி வந்தவர் நம் பட்டறைக்காரர்தான். அவரை வாசலில் நிறுத்தி, “எங்க வீட்டுக்காரர்தான், ரம்பம் எடுத்துட்டு வாங்க” என்றாள். அவர் ரம்பத்தோடு வந்து கவசத்தை அறுத்தார், கூடவே காதிலும் கொஞ்சம் அறுத்தார். என்ன சொன்னீர்கள்? நாக்கையும் சேர்த்து அறுத்திருக்க வேண்டுமா? அந்த ரம்பம் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது ஐயா, கூட்டம் முடியட்டும், பேசிக்கொள்ளலாம்.

தலைவர் மணியைத் தட்டுகிறார். இதோ முடிக்கிறேன் மாப்பிள்ளை, முடிவே உங்களைப் பற்றியதுதான்.

கல் உடைக்கும் முகாமிலிருந்து இவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வந்த அன்று நான் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். இவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல், “மாமா, என்னைக் கூட்டிட்டுப் போனவங்க, முகாம்ல காவல் நின்னவங்க, எத்தனையோ பேர். அதுல ஒருத்தர்கூட ஒரு ‘ப்ச்’ கொட்டல. கொட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும் இல்ல?” என்றார்.

அவையோரே, அதுவரை எங்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. நாங்கள் நல்லவர்கள்தான், எங்கள் வாயைப் பேரரசு மாற்றிவிட்டது என்ற சாக்கு. குரலைப் பறித்தார்கள், கூறும் சொல்லைப் பறித்தார்கள், உண்மைதான். ஆனால் இந்த ஒன்றைப் பறித்தார்களா? பறிக்கவில்லை. அது எல்லா நாளும் எங்கள் வாயிலேயே இருந்தது. ஒரு தாய் மகன் பின்னால் ஓடிவந்தபோது கொட்டியிருக்கலாமே, கொட்டினோமா? ஒரு கிழவரைக் கைப்பிடித்துத் தள்ளியபோது கொட்டியிருக்கலாமே, கொட்டினோமா? பாலத்தில் நின்ற என்னையும் சேர்த்தே கேட்கிறேன். திரைத்துணிக்குக் கொட்டினேன், தண்ணீர்க் குழாய்க்குக் கொட்டினேன். பாலத்தில் மனிதர்களுக்காக நான் கொட்டவில்லை.

வெறும் ‘ப்ச்’ யாரையும் காப்பாற்றிவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வாய் அதைச் சொன்னால் கால் கொஞ்சம் தயங்கும், கால் தயங்கினால் கை தளரும், கை தளர்ந்தால் பிடிபட்டவன் ஓடுவான். நாளை இன்னொரு பேரரசு வரலாம், இன்னும் அழகான கவசம் செய்து வரலாம், என்னைவிட அழகாகப் பேசும் குரல்பொறி கொண்டு வரலாம். அதை மாட்டிக்கொள்ள உங்கள் வீட்டிலிருந்தே ஒருவரைக் கேட்பார்கள். அன்று அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறதா, அந்தச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவருக்குக் கதவைத் திறங்கள். வரவில்லையென்றால் ரம்பம் எடுங்கள், நம் பட்டறைக்காரர் தருவார்.

இத்தனை நேரம் பொறுமையின் பெருமை காத்த பெரியோர்க்கும், தூங்கினாலும் குறட்டை விடாத தூயோர்க்கும், கைதட்டவேண்டிய இடத்தில் இருமிய கனிவுடையோர்க்கும், அறுந்த பொத்தானைப் பத்திரப்படுத்தி, தம்பி வந்த அன்றே சட்டையில் தைத்துக் கொடுத்த என் இல்லாளுக்கும், என் நெஞ்சத்து நிலத்தில் நெடுமரமாய் நிற்கும் நன்றியினை நான்...

கேட்டீர்களா? மூன்றாம் வரிசை. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ‘ப்ச்’ கொட்டுவது அவள்தான்.

சரி, சரி. இதோ எறங்கிட்டேம்மா. எல்லாருக்கும் வணக்கம், வர்றேன்.