ஒரு சாண் தாழ்ந்த பந்து

— பண்றதெல்லாம் பண்ணிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி தண்ணி குடிக்கிறதைப் பாரு. ஜெரோப், உன்கிட்டதான் பேசறேன்.

— கேக்குது. கத்தாதே நமால்வா, கோச் இந்தப் பக்கம் பாக்கறாரு.

— பாக்கட்டும். நாலு செட்டு முடிஞ்சாச்சு, ஒரு பந்தாவது எனக்கு உயரமா வந்துச்சா? நீ தூக்கிக் கொடுத்தாத்தானே நான் அடிக்க முடியும்? ஒவ்வொண்ணும் ஒரு சாண் தாழ்வா வருது. வேணும்னே போடற.

— ஆமா, வேணும்னேதான்.

— என்ன சொன்ன?

— வேணும்னேதான் போடறேன்னு சொன்னேன். உக்காரு தாயே. அஞ்சாவது செட்டுக்கு இன்னும் விசில் அடிக்கல.

— உக்கார மாட்டேன். மேல கேலரியில அந்த இத்தாலிக்காரன் கேமராவோட உக்காந்திருக்கானே, எதைப் படம் பிடிக்கிறான்? என் கை எந்த உயரத்துல பந்தைத் தொடுதுன்னு. அதை வெச்சுத்தான் அவங்க ஊரு வாலிபால் கிளப்புல எனக்கு இடம். இன்னைக்கு விட்டா போச்சு. நான் பறந்துட்டா நைரோபியில உன் பந்தை அடிக்க நாதி இல்லை, அதானே உன் வயித்தெரிச்சல்?

— வயித்தெரிச்சலா? உனக்குப் பந்து போட்டே என் விரல் தேஞ்சு போச்சு. நீ எப்படி எகிறுவேன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேன். கடைசி எட்டை நீளமா வெச்சு குதிகாலை ஊனுவ. மேல போனதும் வில்லு மாதிரி வளைவ. முதல்ல இடுப்பு திரும்பும், அப்புறம் நெஞ்சு, தோள், முழங்கை, கடைசியா மணிக்கட்டு. சாட்டையைச் சொடுக்கின மாதிரி. அந்தத் தோளுக்குச் சுமையே தெரியாது.

— பாடம் எடுக்காதே.

— இப்ப இடுப்பு தூங்குது. வலது தோள் ஒண்டியா மாரடிக்குது. முழங்கை காதைத் தாண்ட மாட்டேங்குது. உயரமாப் போட்டா நீ எட்டத்தான் பாப்ப. தோள் தசையில கிழிஞ்சது போக மிச்சமும் கிழியும்.

— ஒண்ணும் கிழியல. கோச் ஒரு வெளிநாட்டுக்காரி ஆடற வீடியோவைக் காட்டி, முழங்கையை நேரா பின்னால இழுத்து அடின்னாரு. பழகற வரைக்கும் வலிக்கும்னாரு.

— கரும்புத் தோட்டத்துல குரங்கைக் கல்லெறிஞ்சு விரட்டின கை அது. சுத்தி வந்துதான் அடிக்கும். அதை எவளோ ஒருத்தி கை மாதிரி மாத்தறேன்னாரு, நீயும் தலையாட்டின.

— வலி இல்லைங்கறேன்.

— அப்ப எதுக்கு மொட்டை?

— ஸ்டைலு.

— உன் பின்னலை என்னைக்காவது வேற ஆளைத் தொட விட்டிருக்கியா? பஸ்ஸுல ஊர்க்கதை பேசிக்கிட்டே நீயே பின்னிக்குவ. கையைத் தலைக்குத் தூக்க முடியாமத்தானே மழிச்சுட்டு வந்து நின்ன?

— கோச்சுகிட்ட சொல்லிட்டியா?

— அவருக்கு என்னைக்கோ தெரியும். இன்னைக்கு மட்டும் உயரமாப் போடு, நாளைக்கு அந்தத் தோள் இத்தாலிக்காரன் பாடுன்னு என்கிட்டயே சொன்னாரு. அதுக்கப்புறம்தான் தாழப் போட ஆரம்பிச்சேன்.

— நல்லா இருக்குடீ. அவர் ஒரு பக்கம் விக்கறாரு, நீ ஒரு பக்கம் பூட்டி வெக்கற. என்னை யாராவது கேட்டீங்களா? கிழிஞ்சா என் கை கிழியட்டும். மக விமானம் ஏறப் போறான்னு எங்கம்மா ஊருல புங்கோமா சந்தை முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா. உயரமாப் போடு.

— மாட்டேன்.

— போடு ஜெரோப். என்னால முடியும்.

— முடியும்னா தூக்கிக் காட்டு. இங்கேயே, என் கண்ணு முன்னால. நேரா மேல.

— இதோ பாத்துக்கோ. காதை ஒட்டி நிக்குதா? இப்ப என்ன சொல்ற?

— அது இடது கை, நமால்வா.