கடைசிக் கட்டம்

ஆடாம நில்லுங்கம்மா, குண்டூசி குத்திடும். பேன்ட் இடது கால் அரை இஞ்ச் கூட இருக்கு... ஆமா, எங்க விட்டேன்? அந்த ஸ்கூல் ஆபீஸ். எம்பொண்ணுக்குக் காது கேக்கலையாம்! அவளுக்கா? பாம்புக்காது அவளுக்கு. நான் சமையல்கட்டுல பிஸ்கட் கவரத் தொட்டாலே போதும், எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா. வகுப்புல டீச்சர் என்ன கேட்டாலும் முழிக்கிறாளாம். இங்கிலீஷ்லயே பேசுற வீட்டுப் புள்ள இப்படி முழிக்காதாம். அதனால காதை டெஸ்ட் பண்ணணுமாம். பெரிய கண்டுபிடிப்பு!

எதிர்வீட்டுக்காரி புள்ளைங்க ரெண்டும் மட்டும் இந்த நாட்டுக்கு வரும்போதே இங்கிலீஷ் பேசிக்கிட்டா வந்துச்சுங்க? அதுங்களுக்கு ஸ்கூல்லயே தனி டீச்சர், தினம் ஒரு மணி நேரம், பட அட்டையெல்லாம் வச்சு. இப்ப லிஃப்ட்ல சின்னது என்னையப் பாத்து 'எக்ஸ்கியூஸ் மீ'ங்குது. அஞ்சு வயசு. திமிரப் பாருங்க.

அம்மாக்காரிக்காச்சும் கூச்சம் உண்டா? ஸ்கூல்ல சேக்குற பாரத்துல வீட்ல பேசுற மொழின்னு மூணு எழுதினா. புருஷனோட ஒண்ணு, மாமியாரோட ஒண்ணு, புள்ளைங்களோட ஒண்ணு. வீடா, சந்தையா? அதுக்குக் கீழ, இங்கிலீஷ் எந்த அளவுக்குத் தெரியும்னு நாலு கட்டம். கடைசிக் கட்டம், 'சுத்தமாத் தெரியாது'. அதுல போயி டிக் அடிக்கிறா, அதுவும் நிம்மதியா. நான்தான் எட்டிப் பாத்தேனே.

அப்படியே திரும்புங்க... ம். காது டாக்டர்கிட்டயும் எம்பொண்ணக் கூட்டிட்டுப் போனேன், கடைய அரைநாள் பூட்டிட்டு. ஒவ்வொரு சத்தத்துக்கும் கை தூக்கணும். ஒண்ணு விடாம தூக்கினா. அப்புறம் அந்த டாக்டர் என்னையப் பாத்து நீளமா என்னமோ கேட்டாரு. 'யெஸ்'னேன். மறுபடி கேட்டாரு. 'யெஸ், யெஸ்'னேன். பேனாவ வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு. எம்பொண்ணு தலையக் குனிஞ்சுக்கிட்டா. அதான்மா தாங்கல.

என்ன?... நானா? நான் என்ன எழுதினா என்ன... அதே பாரம் தமிழ்லயும் வச்சிருந்தாங்க. அதைப் படிச்சுப் பாத்துக்கிட்டு, இங்கிலீஷ் பாரத்துல நிரப்பிக் குடுத்தேன். வீட்டு மொழி இங்கிலீஷ். எல்லாருக்கும் 'ரொம்ப நல்லா'. எங்க வீட்டுக்காரருக்கும் சேத்து. அந்த மனுஷன் பஸ்ல ஸ்டாப் கேக்கவே தமிழ் முகமாத் தேடுவாரு. பின்ன என்னம்மா பண்றது, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பாத்துருவாளோன்னு இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தா வாய் ஓயாது எம்பொண்ணுக்கு. ஸ்கூல்ல போயி ஆறு மாசமா ஊமையா உக்காந்திருக்கா, என்னால.

எங்க போறீங்க, ஊசியோடயா? இருங்க. மெஷின் டிராயர்ல புதுப் பாரம் இருக்கு, தமிழ்ப் பாரம். வாங்கி வந்து எட்டு நாளாச்சு, கை வர மாட்டேங்குது. நீங்க போடுங்க. வீட்டு மொழி தமிழ். இங்கிலீஷ், பொண்ணுக்கு 'கொஞ்சம்'. எனக்கு... எனக்கும் 'கொஞ்சம்'னே... இல்ல இல்ல, இருங்க.

எனக்குக் கடைசிக் கட்டம். நல்லா அழுத்தி அடிங்க. அப்புறம் ஊசிய எடுத்து விடுறேன்.