இரண்டாம் முறை கூப்பிடாத பெயர்

எனக்குக் குரல் கொஞ்சம் சத்தம்தான், மேடம். அப்பா பம்மலில் தோல் தொழிற்சாலை மெஷினில் நின்று காது மந்தமானவர். எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். டிகிரி முடித்த முதல் ஆள் நான். இருந்தும், கிளைச்சிறையில் எச்.ஐ.வி. ஆலோசகராகச் சேர்ந்த என்னிடம் அவர்களுக்குப் பிடித்தது இந்தக் குரல்தான். கைதிகளின் பெயரைக் கூப்பிடும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

பரிசோதனைக்கு எல்லோரையும் கூப்பிடுவோம். முதல் சோதனையில் கிருமி இருப்பதாக வந்தவர்களை மட்டும் உறுதிசெய்ய இரண்டாம் முறை கூப்பிடுவோம். அப்படிக் கூப்பிட்டவனின் சாப்பாட்டுத் தட்டை மற்றவர்கள் அன்றைக்கே தள்ளி வைத்துவிடுவார்கள். இது சரியில்லை என்று மேலிடத்தில் சொன்னேன். கண்டுகொள்ளவில்லை.

எபி என் அக்கா ரோஸியின் புருஷன். அவன் அறைந்ததில் அவளுக்கு இடது காது போயிற்று. திருட்டு வழக்கில் உள்ளே வந்தான். எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளை அவனிடமும் கேட்டேன்.

"உன்னாண்ட இன்னா மறைக்கிறது, கிறிஸ்டி? போதைக்கு மாத்திரைய கரைச்சு ஏத்திப்போம். நாலு பேருக்கு ஒரே ஊசி," என்று சிரித்தான்.

முதல் சோதனையில் இருப்பதாக வந்தது. நான் அவனை இரண்டாம் முறை கூப்பிடவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். மருந்து எடுத்தால் அவன் கிழவனாகும்வரை உயிரோடு இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்கு ஜாமீன் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. அவன் வெளியே வந்த அன்று ஷேர் ஆட்டோவில் அக்கா கேட்டாள்: "நீதானடி டெஸ்ட் எடுத்த? அவருக்கு எதுனா கீதா?"

"ஒண்ணுமில்லக்கா."

உண்மையைச் சொன்னால் பாவப்பட்டு அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள். இனி அவனோடு படுக்க மாட்டேன் என்று பைபிள் மேல் கைவைத்துச் சொல்லியிருந்தாள். அதை நான் நம்பினேன்.

கர்ப்பமானாள். அதற்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கும் இருந்தது.

அன்று அவர்கள் வீட்டில் நானும் இருந்தேன். எபி கத்தவே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லன்னு உன் தங்கச்சியே சொன்னா. அப்போ உனக்கு எவனாண்டேர்ந்து வந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயாச்சும் சொல்லுடி. நான் அப்படிப்பட்டவளா?"

ஒரு வார்த்தை போதும். குரல் வரவில்லை என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், வந்திருக்கும். வேலை போய்விடும் என்று யோசித்தேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை அவள் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஆஸ்பத்திரியில் அவள் உடலை அடையாளம் காட்டியதும் நான்தான்.

இந்த முறை அவனுக்கு ஜாமீன் கிடைக்காது, மேடம். எப்படியோ, அக்காவை அவனிடமிருந்து காப்பாற்றிவிட்டேன்.