தானா சரியாகிற கம்ப்யூட்டர்

இல்லங்க மேடம், எந்தக் கம்பெனியிலயும் இல்ல. வீட்லதான் கத்துக்கிட்டேன். சாப்பாட்டு மேசைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு, அங்கதான் லேப். நிஜமாத்தான் மேடம், சிரிக்காதீங்க.

வேலை பாக்கறது கண் ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல. மத்தியான ஷிஃப்ட். டோக்கன் கொடுக்கணும், சொட்டு மருந்து விட்டவங்களைக் கண்ணைத் திறக்காம உக்காருங்கன்னு அதட்டணும். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காலைல நான் வீட்லதானே இருக்கேன், அந்த நேரத்துலதான் எல்லாம்.

சரி, நீங்க கேட்ட மாதிரியே சொல்றேன், கம்ப்யூட்டரே தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி. ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குள்ளயே இன்னும் மூணு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி பண்ணலாம். அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு. அந்த மூணும் பொய்க் கம்ப்யூட்டர்தான், ஆனா அது அதுங்களுக்கே தெரியாது. ஒவ்வொண்ணும் தனிக்குடித்தனம் நடத்தற நெனப்புல ஓடிட்டிருக்கும். எதுக்குன்னா, நிஜக் கம்ப்யூட்டர்ல கை வெக்க பயமா இருக்கற எதையும் அதுல பண்ணிப் பாக்கலாம். நாசமாப் போனாலும் பொய்தானே போகும், நிஜத்துக்கு ஒரு கீறல் விழாது.

அய்யோ, அந்த மெஷினை வாங்கினது நான் இல்ல மேடம். என் வீட்டுக்காரர். அவர் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனில கம்ப்யூட்டர் பாத்துக்கறார். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா எடுக்கறது, பாஸ்வேர்டு மறந்தவங்களுக்கு மாத்திக் கொடுக்கறது. இதை விட்டு மேல போகணும், அதுக்கு வீட்லயே பழகணும்னு ஏதோ ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட மெஷினைத் தூக்கிட்டு வந்தார். சூட்கேஸ் சைஸ். போட்டா மிக்ஸி மாதிரி சத்தம். நான் துணி இஸ்திரி போடற மேசை போச்சு. இனிமே இது என் லேப், நீ தொடாதே, ஷாக் அடிக்கும்னார்.

கோவமா? இல்ல, சிரிப்புதான் வந்துது. ஆனா என் மேசையைப் புடுங்கிக்கிட்டு அப்படி என்னதான் பண்றார்னு பாக்கணும்ல?

மொத நாள் சாயந்திரமே மெஷின் மல்லுக்கு நின்னுது. உள்ள ஒரு கம்ப்யூட்டர் உண்டாக்கப் போனா முடியாதுங்குது. சிவப்பு எழுத்துல என்னமோ வருது. அவர் அதைப் படிக்கவே இல்ல, சரி சரின்னு அமுக்கிட்டே இருக்கார். அப்புறம் வித்தவனைத் திட்டிட்டு அணைச்சுட்டார். மறுநாள் காலைல அவர் போனதும் நான் போட்டேன். அதே சிவப்பு எழுத்து. நான் படிச்சேன், அவ்வளவுதான் மேடம். உங்க மெஷின்ல இந்த வசதி இருக்கு, ஆனா அணைச்சு வெச்சிருக்குன்னு தெளிவா போட்டிருந்துது. போன்ல தேடினேன். மெஷின் எந்திரிக்கும்போதே ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா, அதோட அடிவயித்து செட்டிங் எல்லாம் திறக்கும். அங்க போய் ஆன் பண்ணிட்டு, நல்ல பிள்ளையா அணைச்சுட்டு வந்துட்டேன்.

சாயந்திரம் வந்தார், போட்டார், ஓடுது. என்னைக் கூப்பிட்டுக் காட்டறார். பாத்தியா, மெஷினும் மனுஷன் மாதிரிதான், ஒரு நாள் ஓய்வு கொடுத்தா தானா சரியாயிடும்னார். அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா அந்த முகத்துல இருந்த பெருமையைப் பாத்ததும் எனக்கு விளையாட்டுப் புத்தி வந்துடுச்சு. ஆமாங்க, ஓய்வுதான் முக்கியம்னேன்.

அதுக்கப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. சாயந்திரம் அவர் கெடுப்பார், காலைல நான் சரி பண்ணுவேன். ஒரு நாள் இருக்கற மெமரி மொத்தத்தையும் உள்ள இருக்கற மூணுக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டார். வீட்ல இருக்கறது ஒரே போர்வை, அதை வந்த விருந்தாளிங்களுக்கே போத்திவிட்டா வீட்டுக்காரன் எங்க போவான்? வெளி மெஷின் நடுங்கிப்போய் நின்னுடுச்சு. நான் மூணு பேர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்து, வெளி மெஷினுக்கு மிச்சம் வெச்சேன்.

மாட்டிக்கலையாவா? மாட்டினேன், என் மாமியார்கிட்ட. எங்க கூடத்தான் இருக்காங்க. ஒரு நாள் பின்னாடி வந்து நின்னு, ஏம்மா, அவன் தொடாதேன்னானேன்னாங்க. இல்லத்தை, அவர் கெடுத்து வெச்சதைச் சரி பண்ணிட்டிருக்கேன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, அது அவன் பொறந்ததுலேருந்து நடக்கறதுதான், இத்தனை நாள் நான் பண்ணேன்னுட்டு காய் நறுக்கப் போயிட்டாங்க. அதுலேருந்து அவங்க என் கட்சி.

அந்த மூணு மெஷினுக்கும் அவர் வெச்ச பேர் வெறும் ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுல ஒண்ணாம் நம்பர்தான் பெரியது. யார் உள்ள வரலாம், யாருக்கு எந்த இடம், எல்லாம் அது சொல்றபடிதான். அது எந்திரிக்கற வரைக்கும் மத்த ரெண்டும் வாசல்லயே நிக்கும். நான் மனசுக்குள்ள அதுக்கு அத்தைன்னு பேர் வெச்சேன். எங்கத்தைகிட்டயே சொன்னேன். வெச்சதுதான் வெச்சே, நல்ல பெரிய இடமாப் பாத்துத்தான் வெச்சிருக்கேன்னாங்க.

இந்த மெஷின் அத்தையாலதான் ஒரு நாள் மொத்த வீட்லயும் நெட்டு போச்சு. மாடி வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே நெட்டு. அவர் பேன்ட் கூட மாட்டாம லுங்கியோட இறங்கி வந்து கத்தறார். எங்கத்தை பாத்துட்டிருந்த சீரியல்ல கல்யாணம் நிக்கற இடத்துல டிவி சுத்திக்கிட்டே நிக்குது. என் வீட்டுக்காரர் நெட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டு, உங்க சர்வீஸ் இருக்கற லட்சணத்துக்குன்னு ஆரம்பிச்சு ஒரு பாட்டம் வாங்கு வாங்குன்னு வாங்கினார். மறுநாள் காலைல ஏணியோட ஒருத்தர் வந்துட்டார்.

காரணம் கேக்கறீங்களா? வீட்ல இருக்கற ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கறது மோடத்தோட வேலை. இவர் லேபைக் கொண்டுபோய் வீட்டு நெட்டோட நேராச் சேத்துட்டார். இப்ப லேபுக்குள்ள இருக்கற அத்தையும் வர்றவங்களுக்கெல்லாம் நம்பர் கொடுக்க ஆரம்பிச்சாச்சு. யார் முந்திக்கறாங்களோ அவங்க நம்பர்தான். அத்தைகிட்ட நம்பர் வாங்கினவங்களுக்கு வெளிய போக வழி தெரியல. எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, என் போன்ல இருந்த நம்பரையும் மோடத்து நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ரெண்டும் வேற வேற குடும்பம். ஒட்டவே இல்ல.

ஏணிக்காரர் கம்பத்து மேல இருக்கார். நான் உள்ள போய் லேபைத் தனியாப் பிரிச்சு, மூணும் தங்களுக்குள்ள மட்டும் பேசிக்கற மாதிரி மாத்தினேன். டிவில சீரியல் ஓட ஆரம்பிச்சுது, எங்கத்தை கை தட்டினாங்க. மேலேருந்து ஏணிக்காரர், வந்துடுச்சாம்மான்னார். வந்துடுச்சுங்க, என்ன பண்ணீங்கன்னேன், வேணும்னே. லூஸ் கனெக்‌ஷன்மா, இறுக்கிட்டேன்னார். எங்கத்தை அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, கைராசிக்காரர்னு வேற சொல்லி அனுப்பினாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம வயித்து வலியே வந்துடுச்சு.

இல்ல மேடம், எல்லாம் அப்படி லேசா முடிஞ்சுடல. ஒரு தடவை தோத்தும் போனேன். அவர் ஒண்ணாம் நம்பரோட பேரை மாத்தி வெச்சுட்டார். மத்த ரெண்டுக்கும் அதை அடையாளமே தெரியல. நீ யாரு, உன் பேச்சை நான் ஏன் கேக்கணும்னு நிக்குது. நான் நோண்ட நோண்ட இன்னும் மோசமாச்சு. நல்ல வேளை, எதையும் தொடறதுக்கு முன்னாடி அது இருக்கற நிலைமையை அப்படியே பிடிச்சு வெச்சுக்கறது என் பழக்கம். ஸ்னாப்ஷாட்டு. திரும்பி வான்னா அந்த நிலைமைக்கே வந்துடும். அதனால அவர் எப்படிக் கெடுத்தாரோ, அப்படியே ஒரு பொட்டு மாறாம வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னிக்கு யாருக்கு என்ன டோக்கன் கொடுத்தேன்னே தெரியாது. சாயந்திரம் அவர் பாத்துட்டு, இன்னிக்கு இதுக்கு மூட் சரியில்ல போலிருக்குன்னார்.

அடுத்தடுத்த காலையெல்லாம் உக்காந்து படிச்சேன் மேடம். பேர் மாத்தினா யார் யாருக்கெல்லாம் சொல்லணும், எந்த வரிசைல சொல்லணும்னு. ஒரு வழியா ரெண்டாம் நம்பர் உள்ள போச்சு, அப்புறம் மூணாம் நம்பரும் போச்சு. எனக்குக் கண்ல தண்ணியே வந்துடுச்சு. எங்கத்தைகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல, ஆனா அடுப்பை அணைச்சுட்டு முழுசாக் கேட்டாங்க. வேற யார்கிட்ட சொல்ல முடியும்? அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது, அந்தப் பேர் பிரச்சனையை அவர் எப்படிச் சரி பண்ணார்னு எனக்கே விளக்கறார். ஓய்வு, அப்புறம் ரெண்டு தடவை ரீஸ்டார்ட்டாம். அப்படியான்னு கேட்டுக்கிட்டேன். எங்கத்தைக்குப் புரை ஏறிடுச்சு.

ஏன் சொல்லலைன்னா... மொதல்ல விளையாட்டு. அப்புறம் அவர் முகம் வாடிடுமேன்னு. ஆனா அதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கிட்டது மேடம். சொல்லிட்டா அவர் ஜாக்கிரதையாயிடுவார், காலைல எனக்குன்னு ஒண்ணும் கெட்டுப்போய்க் காத்துக்கிட்டிருக்காது. அதை விட்டுக் கொடுக்க மனசு வரல. வீட்ல எனக்கே எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

ஆமா, இந்த வேலை எனக்கு வேணும். ஒரு சாஃப்ட்வேர் மத்தவங்க கம்ப்யூட்டருக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கெடுத்துப் பாத்து, எப்படிச் சரியாகும்னு கண்டுபிடிக்கறதுதானே வேலைன்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்க? நான் ஏற்கனவே பாத்துட்டிருக்கற வேலைதான் அது. இங்க பண்ணா, பண்ணினது நான்னு நாலு பேருக்குத் தெரியும்.

வேற ஏதாவது சொல்லணுமான்னா... ஒண்ணே ஒண்ணு. எனக்கு அடுத்தாப்ல ஒருத்தர் வருவார் பாருங்க. தலையைத் தண்ணி வெச்சு அழுத்தி வாரியிருப்பார், உதடு தானா முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். அவர்தான் மேடம். ஆமா, என் வீட்டுக்காரர். இல்ல, நீங்க கவனிச்சிருக்க முடியாது. நான் அம்மா வீட்டு விலாசம்தானே கொடுத்திருந்தேன். நான் துணைக்கு வந்திருக்கேன்னு நெனச்சுட்டிருக்கார். நீங்க என்னைக் கூப்பிட்டப்போ நல்லவேளையா ஜெராக்ஸ் எடுக்கக் கீழ போயிருந்தார். எங்கத்தைக்குத் தெரியும். ரெண்டு பேரும் போங்க, யாருக்குக் கெடச்சாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தானே வரப்போறீங்கன்னு அவங்கதான் அனுப்பி வெச்சாங்க.

நல்ல மனுஷன் மேடம். கத்தறவங்ககிட்டயும் சிரிச்சுக்கிட்டே பேசுவார், அந்தப் பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அவரையே எடுத்தீங்கன்னாலும் எனக்குச் சந்தோஷம்தான். என்ன, தினம் காலைல யாருக்கும் தெரியாம இங்க வந்து சரி பண்ணிட்டுப் போக என்னால முடியாது, பஸ் ரெண்டு மாறணும். அதைச் சொல்லிடணும்னுதான் சொன்னேன்.

ரொம்ப நன்றிங்க மேடம். அவர் இந்நேரம் மேல வந்து வாசல்லயே உக்காந்திருப்பார். இந்த ரூமுக்கு வேற கதவு ஏதாவது இருக்கா?