தினுஷாவின் பதினொரு பக்கங்கள்

அந்த ஏசியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், ஐயா. எனக்குப் பீனிசம் இருக்கிறது. தும்மத் தொடங்கினால் நான் சொல்வது உங்களுக்கு விளங்காது, நீங்கள் பிழையாக எழுதிவிடுவீர்கள்.

என் பெயர் அருள்மலர். துறைமுகத்துக்குப் பக்கத்து ஆய்வு நூலகத்தில் இருபத்திரண்டு வருட வேலை. மூன்று நாளாக நீங்கள் ஷாமிலாவைத்தான் விசாரிக்கிறீர்கள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சரி, சாட்சியாகவே தொடங்குகிறேன்.

ஷாமிலா எங்கள் நூலகத்துக்கு வேலைக்கு வருமுன்னர், இந்தக் குடாக்கடலைப் பற்றி யாருக்கு எது வேண்டுமென்றாலும் என் மேசைக்குத்தான் வரவேண்டும். மீன்பிடி அறிக்கைகள், பழைய ஆய்வேடுகள், சஞ்சிகைகள் எல்லாம் எந்த அலுமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கின்றன என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. கொழும்பிலிருந்து பேராசிரியர்கள் ரயிலுக்குச் சீட்டுப் போடுமுன் எனக்கு அழைப்பெடுப்பார்கள். நான் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் காக்க வைப்பேன், அவ்வளவுதான்.

கிண்ணியாவிலிருந்து அவள் வந்து மூன்று வருடம். நம்முடைய கடலைப் பற்றி நம்முடைய ஆட்கள் எழுதியதை வாசிக்க வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு நாமே காசு கட்டவேண்டுமா என்று கேட்டாள். ஒவ்வொரு ஆய்வாளருக்கும் எழுதி அனுமதி வாங்கினாள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாக வாசிக்கும்படி நூலகத்தின் இணையத்தளத்தில் ஏற்றினாள். நல்ல வேலை. இப்போதும் சொல்கிறேன், நல்ல வேலை. எட்டு மாதத்தில் என் மேசைக்கு ஆள் வருவது நின்றுபோனது. புல்மோட்டையில் ஓர் ஆசிரியை தன் போனிலேயே வாசித்துவிட்டு அவளுக்கு நன்றி எழுதுகிறாள், நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதுகிறார். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன பிரயோசனம்.

என்னோடு அவள் ஒருநாளும் முகம் சுழித்ததில்லை. எனக்குச் சீனி வருத்தம் என்று, பெருநாளைக்கு இனிப்புக் குறைத்து வேறாக வட்டலப்பம் அவித்துக்கொண்டு வருவாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருடம் டைனமைற் போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. கடற்றொழிலாளர்களின் மனைவிமாரைச் சந்தித்துக் கதை கேட்டுப் பதிந்தவள் ஷாமிலா. பெயர்களை மாற்றிய அறிக்கை எல்லாருக்கும் திறந்திருந்தது. உண்மைப் பெயரோடு உள்ள மூலப் பேச்சுகளின் எழுத்துப் பிரதிகளை அதே தளத்தில் 2050 வரை பூட்டி வைத்தாள். அந்தப் பெண்களுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவர்களில் ஒருத்தி தினுஷா. எங்கள் மாதா கோயில் பங்குப் பிள்ளை. அவளுடைய முதல்நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தவள் நான். அவளுடைய புருஷனுக்குக் கை போனபோது, என்ன நடந்தது என்று கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன். “இஞ்சின் பட்டது அக்கா” என்றாள். ஷாமிலாவுக்குப் பதினொரு பக்கம் சொல்லியிருந்தாள். வெடித்தது டைனமைற். அதைக் கொண்டுவந்து விற்கிறவர் புருஷனின் தமையன் சூசைப்பிள்ளை. எந்த வீட்டில் ஒளித்து வைக்கிறார் என்பதுகூட அதில் இருந்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஷாமிலா ஏற்றும் ஒவ்வொன்றையும் நான் வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் தளம் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பதினொரு பக்கத்தையும் மூன்று தரம் வாசித்தேன்.

“ஏன் பிள்ளை, இதை அவள் என்னட்டச் சொல்லேல்லையே?” என்று ஷாமிலாவிடம் கேட்டேன்.

“உங்களட்டச் சொன்னா கோயிலடியெல்லாம் பரவிடும் எண்டு பயந்தா, மலரக்கா. மனசில வெச்சுக்காதீங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பகல் தொழுகைக்குப் போகும்போது அவள் கணினியைப் பூட்டுவதில்லை. “பாத்துக்கங்க மலரக்கா” என்றுவிட்டுப் போவாள். அவளுக்கு என்னில் அவ்வளவு நம்பிக்கை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் அவளுடைய கதிரையில் போய் இருந்தேன். புதிதாக ஒன்றை ஏற்றத்தான் இரண்டு பேர் வேண்டும், திறக்கும் திகதியை மாற்ற ஒருவர் போதும். தினுஷாவின் கோப்பில் 2050ஐ அழித்து அன்றைய திகதியைப் போட்டேன். அறிவைப் பூட்டி வைக்கக்கூடாது என்பது ஷாமிலாவின் கொள்கைதானே.

இரண்டு கிழமையாக ஒருவரும் பார்க்கவில்லை. பார்வை எண்ணிக்கை மூன்று என்று காட்டியது, மூன்றும் நான். அதனால் ஞாயிறு பூசை முடிந்து சூசைப்பிள்ளையைக் கண்டபோது, “அண்ணை, உங்கட குடும்பத்தைப் பற்றியும் எங்கட தளத்தில இருக்கு, சும்மா பாருங்கோவன்” என்றேன். அவருக்குத் தேடத் தெரியவில்லை. அவருடைய போனை வாங்கி நானே எடுத்துக் கொடுத்தேன். மதிலடியில் நின்று கடைசிவரை வாசித்தார்.

“இதை ஆர் ஏத்தினது?” என்றார்.

“ஷாமிலா” என்றேன். அது பொய்யில்லை.

மூன்றாம் நாள் தினுஷாவைக் கடலிலிருந்து எடுத்தார்கள். தோணி கவிழ்ந்தது என்று சொன்னார்கள். அவள் தோணியில் ஏறுகிறவள் அல்ல, ஐயா. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். திகதி மாறியது ஷாமிலாவின் கணக்கிலிருந்து என்று தளம் காட்டுகிறது. அவளும், “நான்தான் பிழையாப் போட்டிருப்பன்” என்று நம்பிவிட்டாள். செத்த வீட்டுக்கு வந்து தினுஷாவின் தாயின் காலைப் பிடித்து அழுதாள். அந்த மனுசி அவளைக் கட்டிப்பிடித்து, “நீ வேணுமெண்டு செய்யேல்லை மகள்” என்றது. முழுச் சனமும் அவளைப் பார்த்து அழுதது. நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். ஒரு கோப்பையைக்கூட ஒருவரும் எடுக்கவில்லை.

அவள் பிழையை ஒப்புக்கொண்டு உங்களிடம் கையெழுத்துப் போடப் போகிறாள் என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். அதுதான் சொல்கிறேன். கதிரையில் இருந்தது நான். திகதியை மாற்றியது நான். சூசைப்பிள்ளைக்கு எடுத்துக் காட்டியதும் நான். அதை வாசித்தால் அவர் என்ன செய்வார் என்று தெரிந்துதான் காட்டினேன்.

மனச்சாட்சி உறுத்தி வந்தாள், ஷாமிலாவைக் காப்பாற்ற வந்தாள் என்றெல்லாம் எழுதவேண்டாம். இருபத்திரண்டு வருடம் நான் சேர்த்ததெல்லாம் அவளுடைய பெயருக்குப் போனது, நான் வாய் திறக்கவில்லை. தினுஷாவும் அவளிடமே போனாள். இது ஒன்றுதான் முழுக்க முழுக்க நான் செய்தது. இதற்காவது என் பெயரைப் போடுங்கள்.