வாசலில் போட்ட கதிரை

அங்க வாசலடியிலதானே கதிரையப் போட்டு வச்சன், நீங்க இழுத்து வந்து கட்டிலோட ஒட்டியே போட்டுட்டீங்க. சரி, அந்த மோல்ட்டு மாப்பெட்டியையும் அப்பிளையும் மேசையில வச்சிட்டு இரிங்க மச்சாள். இவ்வளவு பாசத்த நான் எப்படி வேணாமெண்டு சொல்லுற?

மகள் தர்மிகா வெளிய ஆட்டோவிலயா? இறங்க வேணாமெண்டு சொல்லுங்க. ஆட்டோவையும் முருங்கைக்கு அங்கால, றோட்டடியில விடச் சொல்லுங்க. இல்ல, கோவம் ஒண்டுமில்ல. புள்ளத்தாச்சிப் புள்ள, வருத்தக்காற வீட்டுக்கு என்னத்துக்கு? அதானே காலையில போன் எடுத்துச் சொன்னன், நீங்க மட்டும் உள்ளுக்கு வாங்க எண்டு. நீங்க அதக் குத்தலா எடுத்திரிப்பீங்க. எடுங்க.

ஓம், தேத்தண்ணிய அவள் வாசல்லதான் வச்சிட்டுப் போவாள். கம்சாயினி உள்ளுக்கு வாறல்ல. பெத்த தாய்க்கிட்டயும் வாறல்லயா எண்டு கேக்கிறீங்க. கேக்கக்குள்ள முகத்தில அப்படியொரு வெளிச்சம் உங்களுக்கு. வைப்பாள், கதவத் தட்டுவாள், போயிருவாள். பழகிருவம். அந்தச் சிவப்புக் கோப்பை உங்கட. இந்தப் பேணி என்ட. மாறி எடுத்திராதீங்க.

கழுத்துத் தழும்பா? பாருங்க. தொட்டும் பாத்திட்டீங்க, சரி. டொக்டர் மெல்லிசாத்தான் வெட்டியிரிக்கார், மாலை போட்டா மறைஞ்சிரும். நோவில்ல. குரல் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. வகுப்பில இந்தக் குரல் இரிந்திரிந்தா பொடியன்மார் பின் வாங்கில நித்திரை கொள்ள மாட்டானுகள்.

ஆயுசத்தானே சுத்தி வளைச்சுக் கேக்கிறீங்க? கெட்டியாம். சொல்லுறன் கேளுங்க. பென்சன் எடுத்தாலும் பயோ படிப்பிச்ச வாய், சும்மா கிடவாது.

வெட்டி எடுத்த தைரொயிட்டச் சீவி, கண்ணாடிக்குக் கீழ வச்சுப் பாத்தவங்க. புத்துநோய்க் கட்டியச் சுத்தி நிணநீர்க்குழியம் குவிஞ்சு கிடந்திச்சாம். பயப்பிடாதீங்க, அது நம்மட உடம்புட காவல்காறர். நான் முந்தியே தைரொயிட் குளிசை போடுற ஆள்தானே? அது ஏனெண்டா, என்ட காவல்காறரே என்ட சுரப்பிய அந்நியம் எண்டு நினைச்சு வருசக்கணக்கா கடிச்சவங்க. அழற்சி எண்டு சொல்லுற. அடுப்புச் சாம்பலுக்குள்ள கிடக்கிற தணல் மாதிரி, அணையவும் மாட்டுது, எரியவும் மாட்டுது. நான் அதுகள ஏசாத ஏச்சில்ல. கடைசியில பாத்தா, கட்டி முளைச்ச நேரம் அதுகள்தான் அந்த இடத்தில நிண்டிரிக்குதுகள். அதாலதான் கட்டி பரவாமக் கிடந்திரிக்கும் எண்டு டொக்டர் சொன்னார். ஆனா அடிச்சுச் சொல்ல ஏலாதாம். அந்தத் தணலே கட்டிய முளைக்க வச்சிரிக்கலாம் எண்டும் கொஞ்சப் பேர் சொல்லுறாங்களாம். டொக்டர்மாருக்குள்ளயும் நம்மட ஊர்ல மாதிரி ரெண்டு குடி, ரெண்டு பக்கம் இரிக்கு போல.

விளங்கல்லயா? கடிக்கிறதெல்லாம் எதிரி இல்ல, மச்சாள். அவ்வளவுதான்.

மறுகா இன்னொரு வகை இரிக்கு. பெரிய தின்குழியம். அதுட வேலை குப்பை அள்ளுற. உடம்பில எங்கயாச்சும் காயமெண்டா மணந்து பிடிச்சு முதல் ஆளா ஓடி வரும். ஆனா கட்டிக்குள்ள போய் இரிந்திச்செண்டா, கொஞ்ச நாள்ல ஆளே மாறிரும். பிறகு கட்டிக்குத்தான் வேலை. கட்டிக்கு ரெத்தம் வர வாய்க்கால் வெட்டிக் குடுக்கும். கட்டி வெளிய பரவ வேலியப் பிரிச்சுக் குடுக்கும். சண்டைக்கு வாற நல்ல குழியத்தையும் தடவித் தடவியே படுக்க வச்சிரும். பொல்லாத கட்டிகள்ல அதுதான் கூடக் கிடக்குமாம். பாத்தா ஒண்டும் தெரியா, உதவிக்கு வந்த ஆள் மாதிரியே இரிக்கும். கையில ஒரு மோல்ட்டுப் பெட்டியும் நாலு அப்பிளும் இல்லாத குறைதான்.

ஐயோ, உங்களச் சொல்லல்ல. நான் பாடம் சொல்லுறன். ஏன் கைய எடுத்தீங்க? பிடிச்சிக்கு இரிங்க.

வேர்க்குதுதான். கச்சான் காத்துத் தொடங்கிட்டு. வாவிப் பக்கத்துச் சன்னலத் திறந்தாலும் அனல்தான் அடிக்குது. என்ட நெத்தியச் சேலைத் தலைப்பாலயா துடைக்கிறீங்க? நல்ல சேலை. தர்மிகாட கலியாணத்துக்கு உடுத்தது. படத்தில பாத்தன். வந்து பாக்கக் கிடைக்கல்ல, சொல்லாத வீட்டுக்கு எப்படி வாற?

மருமகன் மதுரன் எப்படி? நல்ல புள்ள அவன். உங்களுக்கு வாய்ச்சிட்டான். முதல்ல இஞ்சதானே பேசின. பிள்ளையார் கோயில்ல வச்சுப் பாத்து, அவன்ட தாய் கம்சாயினிட தலையில பூவும் வச்சு, நாளும் குறிச்சாச்சு. இந்த வீட்டையும் அவள்ட பேருக்கு எழுதியாச்சு. நம்மட பக்கம் மாப்பிள்ளைதானே பொம்புள வீட்டுக்கு வந்து இரிக்கிற. அது உங்களுக்கு நல்லாத் தெரியும். அதால கம்சாயினியப் பத்தி நீங்க ஒரு குறையும் சொல்லல்ல. என்ட கழுத்தப் பத்தித்தான் சொன்னீங்க. மாமிக்காரிக்கு ஒட்டுற வருத்தம், கிட்டப் போனாலே ஒட்டுமாம், ஒரே கூரைக்குள்ள, ஒரே கிணத்தில உங்கட மகன் எப்படி இரிப்பான் எண்டு அந்தத் தாய்க்கிட்டப் போய் அழுதீங்களாம். அழுதுதான் சொன்னீங்களாம். அங்க பாருங்க, இப்பயும் கண் கலங்குது. ஒரு பட்டன் அமத்தினாப் போதும் உங்களுக்கு.

ஆர் சொன்னதோ? அந்தத் தாயே சொன்னவ. கலியாணம் முடிஞ்ச பிறகு மனசு கேக்காம வந்து, இந்த வாசல்ல நிண்டு சொன்னவ.

உங்கட கூடப்பிறந்தவன்ட மகள் மச்சாள் அவள். என்ட மனுசன் உசிரோட இரிந்திரிந்தா, தன்ட அக்காட வாயில இது வந்ததெண்டு நம்பியிரிக்க மாட்டார். நல்ல நேரம் போயிற்றார்.

கம்சாயினி அப்ப வீடு வீடாப் போனவள். இது ஒட்டுற வருத்தமில்ல, கிளினிக்கில கேட்டுப் பாருங்க எண்டு கெஞ்சினவள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டாங்களாம். கேட்டுட்டு, தங்கட கதிரையப் பின்னுக்கு இழுத்தாங்களாம். அதச் சொல்லித்தான் அண்டைக்கு அழுதாள். அதுக்குப் பிறகு ஆரோடயும் கதைக்கிறல்ல. சிரிக்கிறதும் இல்ல.

எழும்பாதீங்க. ஏசுறதுக்கு உங்கள வரச்சொல்லல்ல. தேத்தண்ணியக் குடியுங்க. இன்னும் கொஞ்சம்தான் பாடம்.

சுரப்பிய வெட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் கிடக்குமாம். அத எரிக்கத்தான் கொழும்புப் பக்கம் கூட்டிக்குப் போய் அயடின் குடுத்தவங்க. உப்பில இரிக்கிற அதே அயடின், ஆனா இது கதிர் வீசுறது. ஒரு குளிசைதான். அதத் தந்த ஆளே நீட்டிட்டு அங்கால போயிற்றார். தனி அறையில வச்சிரிந்து, நேத்துத்தான் விட்டவங்க. வான் வண்டியில பின் சீற்றில தனிய இருத்திக் கொண்டு வந்தாங்க. இந்தக் கிழமை முடியும் மட்டும் ஆரும் கிட்ட வரப்படாதாம். பாக்க வந்தா வாசல்ல கதிரை. கோப்பை புறம்பு. எச்சில், வேர்வை ஒருத்தரிலயும் படப்படாது. சின்னப் புள்ளையளும் புள்ளத்தாச்சியளும் வளவுக்குள்ளயே கால் வைக்கப்படாது. அதுக்குத்தான் தர்மிகாவ றோட்டடியில நிக்கச் சொன்னன். அவள்ட வவுத்தில இரிக்கிறது ஒரு பாவமும் செய்யல்ல.

ஓம். இப்பயும்தான் வீசுது.

மெல்ல மச்சாள், கதிரை விழுந்திட்டு. பயப்பிடாதீங்க. உங்கட வயசுக்கு, இந்தக் கொஞ்ச நேரத்தால ஒண்டும் வராது. கணக்குப் பாத்துத்தான் இரிக்க விட்டன். கிணத்தடியில சவர்க்காரம் கிடக்கு, கைய நல்லாத் தேச்சுக் கழுவுங்க. சேலையப் புறம்பாத் தோயுங்க. அவ்வளவுதான். வெயில்ல நிண்ட ஆள் வெயிலத் தூக்கிக்கு வீட்ட போறல்லதானே. உங்கள்ல இருந்து இனி ஆருக்கும் ஒட்டாது.

நம்பல்ல நீங்க. முகத்தில தெரியுது.

போங்க, புள்ள வெயில்ல உங்களப் பாத்துக்கு இரிக்கிறாள். ஆட்டோவில அவளுக்குப் பக்கத்தில ஏறக்குள்ள சொல்லுங்க, ஒட்டாதாம் எண்டு. சுலோஜனா ரீச்சர் சொன்னா எண்டே சொல்லுங்க. அவள் தள்ளி இரிக்கிறாளா இல்லையா எண்டு மட்டும் பாருங்க.